எமரால்டுல இருந்து பார்த்தா நுழைவுத் தேர்வு

நுழைவுத் தேர்வுன்னா நகரத்துல நீட் மட்டும்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுல 1984-லயே, எம்.ஜி.ஆர். ஆட்சியில அது வந்துடுச்சு. மருத்துவம், இன்ஜினியரிங் ரெண்டுக்கும் பிளஸ் டூ மார்க்கோட அந்த மார்க்கையும் சேர்த்துத்தான் சீட். கோச்சிங்னா மலை இறங்கிக் கோயம்புத்தூர் போகணும். எங்க பிள்ளைங்களுக்கு ஊட்டியே பஸ் பிடிச்சுப் போற தூரம்.

2007-ல கலைஞர் அரசு சட்டம் போட்டு எடுத்துச்சு. அப்புறம் பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். (அதுல மனப்பாடம் பண்ணினவன் ஜெயிச்சான், அது வேற கதை.)

2017-ல நீட். 1,176 மார்க் எடுத்த அரியலூர் அனிதா உச்ச நீதிமன்றம் வரை போயும் சீட் இல்லை. அந்த செப்டம்பர்லயே இறந்துட்டாங்க. 2020-ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, ஒரே வருஷத்துல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க முன்னூறு பேருக்கு மேல மருத்துவம் சேர்ந்தாங்க.

2022 ஜனவரியில ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு, 150 சீட். கோச்சிங்குக்குத்தான் இன்னும் மலை இறங்குறாங்க.