அணைந்த உலையும் அகலாத கலன்களும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் என்றொரு சிற்றூர். அதன் நீர்க்கரையில் 1972-ஆம் ஆண்டு முதல் 'மேய்ன் யாங்கி' அணுமின் நிலையம் இயங்கி வந்தது. அதனை மூடக் கோரி 1980, 1982, 1987 ஆகிய ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்று முறையும் பெரும்பான்மையோர் நிலையத்தின் பக்கமே நின்றனர். இறுதியில் அதனை மூடியது வாக்குச்சீட்டன்று, வரவு செலவுக் கணக்கு. பழுதுகளைச் சீர்செய்யும் செலவுக்கு அஞ்சி, 1997 ஆகஸ்டில் உரிமையாளர்களே அதனை நிரந்தரமாக மூட முடிவெடுத்தனர். ஊரின் வரி வருவாயில் மிகப் பெரும்பகுதி அந்நிலையத்திலிருந்தே வந்தது என்பதை அறிந்தால், ஊராரின் கலக்கம் நமக்கு விளங்கும்.

பணமிழந்த ஊருக்கு நிலமாவது மீளுமா? இங்கேதான் வழக்கு எழுந்தது. கட்டடங்களின் மேற்பரப்பிலிருந்த கதிரியக்கத்தை நீக்கிய பின், காங்கிரீட்டை உடைத்து அடித்தளக் குழிகளிலேயே இட்டு மூடிவிட நிறுவனம் எண்ணியது. பிற்காலத்தில் அங்கு வாழ்வோர்க்கு ஆண்டுக்கு 25 மில்லிரெம் கதிர்வீச்சுக்கு மேல் சேரலாகாது என்பது நடுவணரசின் விதி. அவ்வளவு போதுமென்று மக்கள் ஏற்கவில்லை. 1997-இலேயே அமைந்த ஊரார் ஆலோசனைக் குழுவின் பொதுக்கூட்டங்களில் இவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் வரம்பை 10 மில்லிரெம்மாகவும், நிலத்தடி நீர் வழியே 4 மில்லிரெம்மாகவும் குறைத்துச் சட்டமியற்றியது. புதைக்கும் திட்டம் கைவிடப்பட்டது, இடிபாடுகள் இரயிலேறின. உலைக்கலம் 2003-இல் கடல்வழியே தென் கரோலினாவுக்குச் சென்றது. (அதுவும் யாரோ ஒருவருடைய ஊர் என்பதை நாம் மறத்தலாகாது.) 2004 செப்டம்பரில் உலைக் கட்டடத்தின் குவிமாடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2005-இல் பணி முடிந்தது. சுமார் 200 ஏக்கர் நிலம் இயற்கைப் பாதுகாப்புக்கும் கல்விக்குமென ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது.

நம் மதிப்பீட்டில், 25-க்கும் 10-க்கும் இடைப்பட்ட வேறுபாடு வெறும் அளவைச் சார்ந்ததன்று. தம் மண் எவ்வளவு தூயதாயிருக்க வேண்டுமென்று சொல்லும் உரிமை அம்மண்ணில் வாழ்வோர்க்கும் உண்டென்பது அங்கே சட்டமாயிற்று.

ஆயினும் அவர்கள் குரல் எட்டாத இடமொன்று எஞ்சியது. எரிந்து தீர்ந்த எரிபொருளை 1998 ஜனவரி 31 முதல் நடுவணரசே ஏற்றுக்கொள்ளும் என்று 1982-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி கூறியிருந்தது. அதற்கெனத் தேர்ந்த நெவாடாவின் யூக்கா மலைத் திட்டத்தை 2010-இல் அரசே கைவிட்டது. வாக்குத் தவறியமைக்காக அரசு இழப்பீடு செலுத்த வேண்டுமென நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன, கலன்களோ அசையவில்லை. 60 கலன்களில் எரிபொருளும், மேலும் 4-இல் உலையின் உட்பகுதியிலிருந்து வெட்டியெடுத்த எஃகும், ஆயுதமேந்திய காவலுடன் அங்கேயே நிற்கின்றன. அந்நிலையம் மின்சாரம் தந்தது 24 ஆண்டுகள். கலன்கள் அங்கே நிற்கத் தொடங்கி 20 ஆண்டுகளுக்கு மேலாகின்றன.