சில்லறைக் காசின் சரித்திரம்

பாம்பனைக் கடந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் முதலில் அக்காள்மடமும் அடுத்துத் தங்கச்சிமடமும் வருகின்றன. இவ்விரு பெயர்களும் காசினால் விளைந்தவை என்பது செவிவழிச் செய்தி. விஜயரகுநாத சேதுபதியின் மருமகன் தண்டத்தேவர், பாம்பன் துறையில் கடல் தாண்டி வரும் யாத்ரிகர்களிடம் சுங்கம் பெற்றார். அதனைப் பெருங்குற்றமாகக் கொண்ட மன்னர் அவருக்கு மரண தண்டனை விதித்தார். அவரை மணந்திருந்த மன்னரின் புதல்வியர் இருவரும் உடன்கட்டை ஏறினர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே பின்னர் ஊர்களாயின என்பர். மூன்று உயிர்களைக் கொண்ட அந்தச் சில்லறை எவ்வச்சில் அடிக்கப்பட்டது என்பதைக் கதை சொல்லவில்லை.

தங்கச்சிமடம் இன்றும் சில்லறை புழங்கும் ஊர்தான். மீன் ஏலமும், மல்லிகை நாற்று வாணிபமும், இராமேசுவரத்துக்கு ஓயாது செல்லும் மக்கள் வரத்தும் அதற்குக் காரணம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இவ்வழி சென்று மீண்ட சபராளிகளின் மடியில், நடுவே பனைமரமும் சுற்றிலும் தமிழெழுத்தும் பொறித்த இலங்கைச் செப்புச் சதங்களும் நம் காசுகளோடு கலந்து கிடந்திருந்தால் வியப்பில்லை.

இத்தகைய சில்லறையைப் பாயில் கொட்டி, ஆண்டு பார்த்துப் பொறுக்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. குறைவாக அடிக்கப்பட்ட காசு கிடைத்தால் நல்ல விலை வரும் என்பது எண்ணம். எண்ணம் முற்றும் பிழையன்று. ஆனால், ஒரு காசை அரிதாக்குவது அடித்த தொகை மட்டுமன்று. உலையிலிருந்து தப்பிய தொகையே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கிறது. இதற்கு நம் சமுதாயத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்தபின் 1911-ஆம் ஆண்டுக்குரிய வெள்ளி ரூபாய்கள் கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகளில் அடிக்கப்பட்டன. முடிசூடிய மன்னரின் மார்பளவு உருவம். அவர் அணிந்த அங்கியில் சிறு யானை ஒன்று. செதுக்கியவர் கை பிசகிற்றோ, அச்சின் சிறுமை காரணமோ, யானையின் துதிக்கை குட்டையாக விழுந்துவிட்டது. பார்த்தவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தோன்றிற்று. மார்க்கம் விலக்கிய பிராணியை மடியில் முடிந்துகொண்டு திரிவதா என்று இந்திய முஸ்லிம்கள் மனம் கொதித்தனர். ரூபாய் என்ற நாணயத்தையே 178 கிரெயின் எடையுள்ள வெள்ளிக் காசாக நாட்டுக்கு வகுத்தளித்தவர் ஷேர்ஷா சூர் (ஆட்சி 1540–1545) என்பதை நினைத்தால், அந்தக் கொதிப்பின் ஆழம் விளங்கும்.

அரசாங்கம் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடிக்கப்பட்டவை ஏறத்தாழ 94 லட்சம். அவற்றுள் வெளியே சென்றவை 7 லட்சம் மட்டுமே. எஞ்சியவை நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் உருக்கப்பட்டன. 1912-இல் துதிக்கை நீண்ட யானையோடு புதிய அச்சு வந்தது. ஆக, கருவூலக் கணக்கில் 94 லட்சமாக நிற்கும் காசு, பதின்மூன்றில் ஒன்று என்ற அளவிலேயே மக்கள் கைக்கு வந்தது. எண்ணிக்கைப் பட்டியலை மட்டும் புரட்டுகிறவன் இதனை அறிய வழியில்லை. மக்களின் மனப்புண்ணை மதித்து அரசு தன் நாணயத்தையே உலையிலிட்டது சிறிய செய்தியன்று.

1939-ஆம் ஆண்டு ரூபாயின் கதை வேறு. யுத்தம் மூண்டது, வெள்ளி பதுங்கிற்று, 1940-இல் ரூபாயின் வெள்ளி, பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. எனவே முழுவெள்ளியான 1939 ரூபாய் மிக அருகிவிட்டது. நம் காலத்திலும் உலை ஓயவில்லை. கனமான பழைய ஐந்து ரூபாய் நாணயங்கள் எல்லை தாண்டி வங்காளதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவரத் தகடுகளாகின்றன என்று 2007-இல் செய்திகள் வந்தன. நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றமாகும்.

பையிலுள்ள இக்காலக் காசுகளைப் பார்ப்போர் ஆண்டோடு, அதனையடுத்துள்ள சிறு குறியையும் பார்க்கவேண்டும். வைர வடிவம் மும்பையைக் குறிக்கும். நட்சத்திரம், நிஜாமின் உடைமையாயிருந்து 1950-இல் இந்திய அரசிடம் வந்த ஹைதராபாத் அக்கசாலையைச் சுட்டும். உருண்டைப் புள்ளி, 1988-இல் அடிக்கத் தொடங்கிய நொய்டாவைக் காட்டும். குறியே இல்லையெனில் அது கல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு சாலையின் காசு மலிந்தும் மற்றொன்றினது அருகியும் இருத்தல் கூடும். சில்லறைப் பஞ்சம் வந்தபோது அயல்நாடுகளிலும் அடித்து வாங்கினோம்: 1985-இல் பிரிட்டனிலும் கொரியாவிலும்; தொண்ணூறுகளின் இறுதியில் மெக்சிகோ, பிரிட்டோரியா, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிக்கா, மாஸ்கோ ஆகிய இடங்களிலும். மாஸ்கோவில் பிறந்த ஐந்து ரூபாய் ஒன்று தங்கச்சிமடத்து மீன் கூடையில் விழுவதும் ஓர் அழகுதான்!

இனி, வருந்தத்தக்க பகுதி. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஆசை காட்டி, முன்பணம் கறந்து மறையும் கூட்டம் கிளம்பியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கட்டணம், தரகு, வரி என்று பணம் பறிக்கின்றனர். அத்தகைய வியாபாரம் எதிலும் தான் ஈடுபடுவதில்லை, எவருக்கும் அதிகாரம் அளித்ததுமில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கணவர் கடலிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டில் தனித்திருக்கும் பெண்களே இவ்வலையில் எளிதில் விழக்கூடும். அவர்கள் செவிக்கு இது எட்டவேண்டும்.

வதந்தியின் வலிமைக்கு மற்றோர் உதாரணம் பத்து ரூபாய் நாணயம். கோடுகள் பத்தா, பதினைந்தா என்று எண்ணிப் பார்த்துத் தமிழகக் கடைகள் அதனை மறுத்தன. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. செல்லும் காசைச் செல்லாதென்பதும், எளிய காசை அரியதென்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமற் போயின. ஆகவே அவை கடைச் சில்லறையில் வாரா; உம்மாவின் சுருக்குப்பையிலோ வாப்பாவின் பழைய பெட்டியிலோதான் தேடவேண்டும். அங்கே ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய் அகப்பட்டு, ஆண்டு 1911 என்றிருந்தால், அங்கியிலுள்ள யானையைப் பூதக்கண்ணாடியால் நோக்குக. துதிக்கை நீண்டிருந்தால் ஆண்டைத் திருத்திய போலி என்று ஐயுறலாம். குட்டையாயிருந்தால் அறிந்தவரிடம் காட்டலாம். அதற்குமுன் புளியிட்டு மட்டும் துலக்கிவிட வேண்டா. துலக்கிய காசுக்குச் சேகரிப்போரிடம் பாதி மதிப்பும் இராது.