எண்ணூரில் எண்ணெய் கசிந்தா முதல்ல வர்றது யார்? வடசென்னை தன்னார்வலர்கள் செய்வது என்ன?

வடசென்னையில் ஒரு ஆலை விபத்தோ கப்பல் விபத்தோ நடந்தால், மீட்புப் படை வருவதற்கு முன்பே அங்கே நிற்பது பக்கத்துத் தெருக்காரர்கள்தான். அவர்கள் என்ன செய்கிறார்கள்? அதில் அவர்களுக்கு என்ன ஆபத்து? பார்க்கலாம்.

2017-ல் என்ன நடந்தது?

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற 2 கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. ஆனா, கரும் எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் ஒதுங்கி, மெரினா வரைக்கும் பரவியது.

எண்ணெயோடு கடல்நீரும் மணலும் கலந்து கெட்டிச் சேறாகிவிட்டதால், உறிஞ்சும் இயந்திரங்கள் திணறின. கடலோரக் காவல்படையுடன் கல்லூரி மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்த 'பக்கெட்' படங்கள் எடுக்கப்பட்டது இங்கேதான்.

2023 டிசம்பரில் என்ன நடந்தது?

மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன (சி.பி.சி.எல்.) வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியது. பக்கிங்காம் கால்வாய் வழியாக அது கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கலந்தது. காட்டுக்குப்பம் உள்ளிட்ட மீனவக் கிராமங்களில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் எண்ணெய் படிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரித்தது.

அந்தச் சுவடு மறைவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு, கைக்குழந்தைகளோடு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

உள்ளூர்க்காரர்கள் ஏன் முக்கியம்?

ஏற்றவற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த வாய்க்காலில் எண்ணெய் தேங்கும் என்பது தினமும் அங்கே தொழில் செய்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் 2023-ல் எண்ணெயை அள்ள உள்ளூர் மீனவர்களே படகோடு இறக்கப்பட்டார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எங்கே கர்ப்பிணி இருக்கிறார் என்பதும் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு வேலை, பதிவு செய்வது. 'சேவ் எண்ணூர் க்ரீக்' போன்ற இயக்கங்கள் பாதிப்பைப் படங்களோடு ஆவணப்படுத்துகின்றன. நிவாரணம் கேட்கும்போது இந்த ஆதாரம் கைகொடுக்கும். 2023 கசிவுக்குத் தமிழ்நாடு அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500 அறிவித்தது.

அப்போ பிரச்சினை என்ன?

பாதுகாப்பு. 2017, 2023 இரண்டு முறையும் சரியான கையுறை, முகக்கவசம் இல்லாமல் பலர் எண்ணெயில் இறங்கினார்கள். தோல் அரிப்பு, கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் திணறல் வரலாம். மாசு செய்தவரே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதுதான் சட்டக் கோட்பாடு. தன்னார்வலர்கள் வந்துவிட்டார்கள் என்பதால் நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிடாது.

உதவப் போறீங்களா? கவனிக்க வேண்டியவை

* எண்ணெயை வெறுங்கையால் தொடாதீங்க. கையுறை, முகக்கவசம், முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.
* அள்ளிய எண்ணெயை வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. பீப்பாயில் சேர்த்து அதிகாரிகளிடம் ஒப்படைக்கணும்.
* எண்ணெய் படிந்த பறவைகளை நீங்களே கழுவ வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்க.
* அமோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்க. கண் எரிந்தால் தண்ணீரில் தொடர்ந்து கழுவுங்க.
* தனியாகப் போகாமல், பதிவு செய்த குழுவோடு போங்க. பேரிடர்களில் உதவ, 'ஆப்த மித்ரா' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913.