கொதிப்பு, கொழுப்பு, ரேஷன் பை

பாலவனத்தம் என்ற ஊர்ப்பெயர் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் வழியாகத்தான் அறிமுகம். அந்த ஜமீனின் அதிபர், 1901ல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். 1911ல் 44 வயதில் காலமானவர். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கோ அது வானம் பார்த்த கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

சங்கம் தொடங்குவதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1896ல், இத்தாலியின் டூரின் நகரத்தில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து ரத்த அழுத்தத்தைப் பாதரசத்தின் உயரமாக அளந்து காட்டினார். 1905ல் ரஷ்யாவில் கொரட்காஃப் என்ற இளம் அறுவை மருத்துவர், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேல் எண், கீழ் எண் இரண்டையும் சொல்லிவிடலாம் என்றார். மதுரையில் ஏடுகளைத் தேடித் தொகுத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் மனித உடம்பு இன்னொரு வகைப் பிரதியாக, இரண்டு எண்களால் எழுதப்படுகிற பிரதியாக, மாறத் தொடங்கியது. இந்த எழுத்து பாலவனத்தத்துக் காட்டுவேலைக்காரர்களிடம் வந்து சேர நூறு வருஷம் ஆனது. ஏன் அவ்வளவு தாமதம், வந்தபிறகும் ஏன் அது பாதியிலேயே நிற்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் விசாரணை.

பேச்சிலிருந்து தொடங்குவோம். 'நெஞ்சடைச்சுச் செத்துப்போனாரு', 'மாரடைச்சுப் போச்சு', 'ஒரு பக்கம் விழுந்துருச்சு', 'வாதம் அடிச்சிருச்சு'. இந்தப் பக்கத்துப் பேச்சில் இதெல்லாம் சம்பவங்களின் பெயர்கள். சம்பவத்துக்கு முன்னால் இருபது வருஷம் சத்தமில்லாமல் ரத்தக் குழாயின் உட்சுவரில் நடந்துகொண்டிருப்பதற்குப் பேச்சில் பெயர் இல்லை. வலிக்காத ஒன்றுக்கு யார் பெயர் வைப்பார்கள்? பெயர் வந்தபோது அது தப்பான பெயராக வந்தது. 'ரத்தக் கொதிப்பு'. கொதிப்பு என்றதும் சூடு, கோபம், படபடப்பு. 'கோவக்காரனுக்குத்தான் பிரஷர் வரும், நான் ஒருத்தர்கிட்டயும் அதிர்ந்து பேசினது கிடையாது' என்று சொல்கிற ஆளின் எண் 180ஐத் தாண்டி நிற்கும். பாடநூல் தமிழ் 'ரத்த அழுத்தம்' என்று திருத்திக்கொண்டது. ஜனங்கள் திருத்திக்கொள்ளவில்லை, 'பிரஷர்' என்று இங்கிலீஷுக்குத் தாவிவிட்டார்கள்.

'கொழுப்பு' இன்னும் சிக்கலான சொல். தமிழில் கொழுப்பு என்பது உடம்புப் பொருள் மட்டுமல்ல, ஒரு வர்க்கக் குற்றச்சாட்டு. 'அவனுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு' என்பது பண்ணையாரைப் பற்றிக் கூலிக்காரன் முதுகுக்குப் பின்னால் சொல்வது. பண்ணையார் அதையே கூலிக்காரனின் முகத்துக்கு நேரே சொல்வார். எலும்பும் தோலுமாகக் களை எடுக்கிற ஒரு பெண்ணிடம் 'உங்களுக்கு ரத்தத்துல கொழுப்பு இருக்கு' என்று சொன்னால் அவள் சிரிக்கத்தான் செய்வாள். 'எனக்கா? கஞ்சி குடிக்கிறவளுக்கு ஏது கொழுப்பு?' கொலஸ்ட்ரால் என்பது ரத்தத்தில் மிதந்துபோய்க் குழாய்ச் சுவரில் படிகிற ஒரு பொருள், வெளியே தெரிகிற சதையோடு அதற்கு நேரடி உறவு கிடையாது என்பதை அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் சொல்லியாக வேண்டும்.

இந்த எண் எப்படி அதிகாரம் பெற்றது? 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் கசிவால் செத்துப்போனபோது அவருடைய அழுத்தம் 300/190. முந்தைய ஆண்டே அது 186/108 என்று பதிவாகியிருந்தது. உலகத்தின் பெரிய ராணுவத்துக்குத் தலைவர். ஆனாலும் அவருக்குக் கொடுக்க உருப்படியான மருந்து என்று ஒன்று இல்லை. வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைக் குறைத்தால்தான் ஆபத்து என்று நம்பிய பெரிய மருத்துவர்கள் அப்போது இருந்தார்கள். அவர் செத்து மூன்று வருஷம் கழித்து, 1948ல், மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்கிற ஆய்வு தொடங்கியது. உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை என்று இன்று சுவரொட்டியில் இருக்கிற பட்டியலுக்கு அந்த ஊர் ஜனங்கள்தான் சாட்சி. 'ஆபத்துக் காரணி' என்ற சொல்லாடலே அங்கிருந்து, 1960களின் தொடக்கத்தில், பரவியது. நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டாயிற்று.

இதில் நம் பங்கு ஒன்று உண்டு. சர்ப்பகந்தா வேரைப் பற்றி 1931ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். 1949ல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் ஐம்பது நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். 1952ல் சுவிட்சர்லாந்தின் ஸீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிஸர்பைனைப் பிரித்தெடுத்தது. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதைச் சந்தேகமின்றிக் காட்டிய முதல் பெரிய சோதனை 1967ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் நடந்தது. கடுமையான அழுத்தம் இருந்த 143 ஆண்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குப் பெரிய பாதிப்பு, மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. அந்த மருந்துக் கலவையில் ஒன்று ரிஸர்பைன். 'நம்ம வேரைக் கொண்டுபோய் நமக்கே வித்துட்டான்' என்று முடித்துவிடுவது எளிது, பாதி உண்மையும்கூட. ஆனால் நாட்டு வைத்தியம் அந்த வேரைப் பித்துக்கும் பாம்புக்கடிக்கும்தான் கொடுத்தது. எண் என்ற கண் வந்தபிறகுதான் அந்த வேரின் இன்னொரு குணம் தெரிந்தது. (அதே வேர் சிலரை மனச்சோர்வில் தள்ளியதும், பின்னால் வேறு மருந்துகள் அதை ஒதுக்கியதும் கதையின் அடுத்த பகுதி.)

கொலஸ்ட்ராலுக்கு விடை பூஞ்சையிலிருந்து வந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ 1973ல் முதல் ஸ்டாடினைக் கண்டுபிடித்தார். 1994ல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனை, ஸ்டாடின் சாப்பிட்டவர்களின் மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்ததைக் காட்டியது. அதே 1994ல்தான் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டும் உரிமை கொடுத்து, பொருளுக்குக் கொடுக்காமல் விட்டதால்தான் நம் கம்பெனிகள் இந்த மாத்திரைகளை மலிவாகச் செய்ய முடிந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கிழவி காசில்லாமல் அம்லோடிபின் வாங்கிப் போவதற்குப் பின்னால் இந்த இரண்டு அரசியல் முடிவுகள் இருக்கின்றன.

இங்கே நமது பழைய சந்தேகங்களைக் கேட்டுவிட வேண்டும். தொண்ணூறுகளில் ஃபூக்கோவையும் இவான் இல்லிச்சையும் இரவல் வாங்கிப் படித்த நாம் மருத்துவம் என்றாலே கண்காணிப்பு, உடலின் மீதான அதிகாரம் என்று எழுதினோம். அதில் பொய்யில்லை. ஒரு காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கோடு 160/95; பிறகு 140/90; 2017ல் அமெரிக்க இதய அமைப்புகள் அதை 130/80க்கு இறக்கியபோது அந்நாட்டு வயதுவந்தோரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரே ராத்திரியில் நோயாளிகள் ஆனார்கள். கோட்டை யார் போடுகிறார்கள், அதில் மருந்துக் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்பது நியாயம். நம் ஊரில் சந்தேகத்துக்கு இன்னும் கெட்டியான காரணமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் பல பத்தாண்டுகளாகப் பெண்களின் கர்ப்பப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நெருக்கடிநிலைக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளை அனுபவித்த ஜனங்கள் வெள்ளைக்கோட்டு ஆள் வீட்டு வாசலில் நின்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கோட்பாடு வேறு எங்கோ அளவுக்கு மிஞ்சிப் பார்க்கப்பட்ட உடல்களிலிருந்து பிறந்தது. நம் காட்டுவேலைக்காரனை அரசு கொஞ்சம்கூடப் பார்க்கவில்லை. அவனைப் பொறுத்தமட்டில் சிக்கல் கண்காணிப்பு அல்ல, கண்டுகொள்ளாமை. இந்த வித்தியாசத்தை நாம் எழுதத் தவறினோம். நான் உட்பட.

2007ல் இந்த மாவட்டத்துக்கு அந்தப் பார்வை வந்தது. உலக வங்கிக் கடனில் 2005ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இதய, ரத்தக்குழாய் நோய்த் தடுப்புக்கான முன்னோடித் திட்டத்துக்கு விருதுநகர், சிவகங்கை என்ற இரண்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தேனியும் தஞ்சாவூரும். பிரசவமும் தடுப்பூசியும் பார்த்துக்கொண்டிருந்த நிலையங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பது, மாத்திரை கொடுத்து மறுபடி வரச்சொல்வது, பள்ளியிலும் வேலைத்தலத்திலும் உப்பு, புகை பற்றிப் பேசுவது என்று வேலை நடந்தது. 2012ல் அது மாநிலம் முழுக்க விரிந்தது. பாலவனத்தத்தின் மாவட்டம்தான் தமிழ்நாட்டுக்கு ஒத்திகை பார்த்துக் கொடுத்தது. இலக்கிய வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு பத்தி உண்டு. இந்த வரலாற்றில் மாவட்டத்துக்கே ஒரு வரிகூட நம் பத்திரிகைகளில் கிடையாது.

'வருகிறவர்களுக்கெல்லாம்' என்பதில்தான் ஓட்டை. யார் வருவார்கள்? வெளிநோயாளி நேரம் காலையில். தறியும் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் களைவெட்டும் அதே காலையில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள், கிழடுகட்டைகள் வந்தார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆண், யாருக்கு நெஞ்சடைக்கப்போகிறதோ அவன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதபோது வரிசையில் நிற்க வரமாட்டான். வந்தவர்களும் ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டு, 'கிறுகிறுப்பு நின்னுருச்சு, மாத்திரையையும் நிறுத்திட்டேன்' என்றார்கள். காய்ச்சல் மாத்திரையின் தர்க்கம் அது. 2020ல் மாநில அளவில் நடந்த ஆய்வு சொன்ன கணக்கு: வயதுவந்தோரில் 33.9 சதவிகிதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவிகிதம். ஒத்திகை தொடங்கிப் பதின்மூன்று வருஷம் கழித்து நூறு பேரில் ஏழு பேர்.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விருதுநகரில் பட்டையைச் சுற்றத் தொடங்கிய அதே 2007ல்தான் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடைகளுக்குப் பாமாயில் வந்தது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய 40 சதவிகிதம் நிறைகொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகை. நல்லெண்ணெயில் அது 15 சதவிகிதத்தை ஒட்டி. நல்லெண்ணெய்க்குப் பேர்போன விருதுநகரில், ஒரு கம்பெனி தன் எண்ணெய்க்கு 'இதயம்' என்றே பெயர் சூட்டிய ஊரில், கூலிக்காரன் வீட்டுச் சட்டிக்கு மலேசியா, இந்தோனேசியாத் தோட்டத்துப் பனையெண்ணெய். பாமாயிலை விஷம் என்று கத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெட்டிக்கடையில் தினசரி ரெண்டு ரூபாய்க்கு எண்ணெய் வாங்கித் தாளித்த வீட்டில் அது முதல்முறையாகப் பிள்ளைகளுக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தை வயிறு நிறைந்தவர்கள் கேலி செய்யக்கூடாது. ஆனால் ரேஷனில் எந்த எண்ணெய் என்பது ஒரு மருத்துவ முடிவு என்பதை மொரீஷியஸ் செய்து காட்டிவிட்டது. கரும்புக் கூலிகளாகப் போன தமிழர்களும் வாழ்கிற அந்தத் தீவில் 1987ல் அரசாங்கம் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து பெரும்பாலும் சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்து வருஷத்தில் ஜனங்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் சுமார் 30 மில்லிகிராம் குறைந்தது. ஒருத்தருக்கும் அறிவுரை சொல்லாமல், கடைக்காரன் அளந்து ஊற்றியதை மாற்றியே.

ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1985ல் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதமாக்கியது: மாரடைப்புகளில் பெரும்பகுதி, எண் உச்சத்தில் இருக்கிற சிலருக்கு வருவதில்லை, கொஞ்சம் மட்டும் கூடி நிற்கிற பலபேருக்கே வருகிறது. ஆகவே சிலரைத் தேடிப் பிடித்தால் போதாது, ஊரின் சராசரியையே இறக்க வேண்டும். உப்புக்கும் இது பொருந்தும். நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சிக்கு ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு என்பது ருசிக்காக அல்ல, காய் வாங்கக் காசில்லாததற்காக. ஒரு கை ஊறுகாய் ஒரு சட்டிக் கஞ்சியை இறக்கும். வேதாரண்யத்தில் 1930ல் உப்பள்ளிய கதையைச் சொல்லி வளர்ந்த இயக்கக்காரர் வாயால் 'உப்பைக் குறைங்க' என்று வருவதும் அத்தனை சுலபமில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஓட்டையைச் சரியாகப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு வராதவன் வீட்டுக்கு மாத்திரை போகும். கொண்டுபோகிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள்; பெயர் தன்னார்வலர், கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. ஊரின் ரத்தக்குழாய்களைக் காக்கும் வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ள அரசுக்கு இன்னும் வாய் வரவில்லை. 2023ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ஏற்பாடு துணை சுகாதார நிலையம்வரை வந்தது.

இப்போது அந்தப் பெண் கருவியோடு வீட்டுக்கு வருகிறாள். பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்து எண்ணைச் சொல்கிறாள். 'சித்தி, நூத்தி அறுவது இருக்கு, மாத்திரைய விடாமப் போடுங்க, எண்ணெயக் குறைங்க.' திண்ணையில் சாய்த்து வைத்த ரேஷன் பையில் பாமாயில் பாக்கெட் இருக்கிறது. அவள் வீட்டுப் பையிலும் அதுதான்.