ராகிச் சீமையின் இளைஞர் மன்றங்கள்

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் உள்ள கடத்தூர், மழையை நம்பிய மேட்டுக்காடுகள் சூழ்ந்த பேரூராட்சி. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இந்த வட்டாரம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஒன்றிய அளவில் நெடுங்காலம் மொரப்பூரோடு சேர்ந்திருந்த கடத்தூர், தனி ஒன்றியமானது பின்னாளில்தான். இங்கே ஊர் இளைஞர்கள் சத்துணவுப் பணிக்குள் வந்த வரலாறு, ஊர்ச் சோற்றுப்பானையிலிருந்தே தொடங்குகிறது.

கேழ்வரகை இந்தப் பக்கத்தில் ராகி என்பார்கள். காலையில் கூழ், இரவில் களி. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ இருக்கும். ராகிக் காட்டுக்குள்ளேயே சாலாக அவரையும் துவரையும் விதைப்பதால், தானியத்தோடு பருப்பும் ஒரே காட்டிலிருந்து வீடு வந்தது. கிழக்கே சித்தேரி மலையில் சாமை விளைந்தது. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே தேறும். ஆனாலும் பழைய உணவை நிறைவானது என்று சொல்லிவிட முடியாது. மழை பொய்த்த ஆண்டில் களி மெலிந்து கூழாகும், கூழ் நீர்த்துப்போகும். பால்குடி மறந்த குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பால், முட்டை, பழம் என்று தனியாக எதுவும் கிடைத்ததில்லை. அந்தக் குறையே பின்னால் வந்த திட்டங்களுக்கெல்லாம் காரணம்.

இளைஞர்கள் கூடி ஊருக்குச் சமைப்பது அந்தத் திட்டங்களுக்கும் முந்தைய வழக்கம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, வீடு வீடாக மாவு வாங்கி, பெரிய அண்டாவில் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுவது பெரும்பாலும் இளவட்டங்களின் வேலை. மன்றம், சங்கம் என்ற பெயர்கள் வருவதற்கு முன்பே இருந்த கூட்டுழைப்பு இது. பின்னாளில் நற்பணி மன்றங்கள் வைத்த நீர்மோர்ப் பந்தல்களிலும் அதன் சாயல் உண்டு.

மன்றம் என்ற அமைப்பு கிராமத்துக்கு அரசின் வழியாகவும் வந்தது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு வளர்ச்சி அலுவலரையும் அவருக்குக் கீழே கிராம சேவக்குகளையும் அமர்த்தியது. கிராமத்தில் இளைஞர் மன்றமும் மாதர் சங்கமும் தொடங்கிவைப்பது அவர்கள் கடமைகளில் ஒன்று. அமெரிக்காவில் 1902-இல் ஓஹையோ மாநிலத்து நாட்டுப்புறப் பள்ளிகளில் முளைத்து, பின்பு 4-எச் என்று பெயர் பெற்ற சிறுவர் மன்றங்கள் அந்நாளைய விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு முன்மாதிரி. ஒரு பிள்ளை ஒரு பாத்தியையோ ஒரு கோழியையோ தானே வளர்த்துக் கற்றுக்கொள்வது அதன் அடிப்படை.

இந்த மன்றங்களுக்கு உணவை நேரடி வேலையாகக் கொடுத்தது செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டம். யுனிசெஃப், உணவு வேளாண்மை நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகிய மூன்றின் உதவியோடு 1960 வாக்கில் ஒரிசாவில் தொடங்கி, ஆந்திரம், உத்தரப் பிரதேசம் என்று பரவி, அந்தப் பத்தாண்டிலேயே சென்னை மாநிலத்துக்கும் வந்தது. சத்துள்ள உணவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்காமல், அந்தந்த ஊரிலேயே விளைவித்து அந்த ஊரே உண்ண வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். வேலை அதற்கேற்பப் பிரிந்தது. கோழிப் பண்ணையும் காய்கறித் தோட்டமும் இளைஞர் மன்றத்தின் பொறுப்பு. கிடைத்த முட்டையையும் கீரையையும் சமைத்துக் காட்டி, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பது மாதர் சங்கத்தின் பொறுப்பு. பள்ளியில் தோட்டம், குளமிருந்தால் மீன். விதையும் கருவிகளும் பயிற்சிச் செலவும் யுனிசெஃப் வழியாக வந்தன.

இந்தத் திட்டம் போட்ட கணக்கு சரியானது, நடந்தது வேறு. முட்டைக்குச் சந்தையில் காசு கிடைத்ததால், ஏழை வீட்டு முட்டை குழந்தையின் தட்டுக்கு வராமல் கூடையேறியது. அதைப் பேராசை என்று குறை சொல்வது அநியாயம். உப்பும் சீமையெண்ணெயும் அந்தக் காசில்தான் வந்தாக வேண்டும். சீமைக்கோழிக்கு நாட்டுக்கோழியைவிடத் தீனியும் கவனிப்பும் கூடுதலாக வேண்டியிருந்தது. கழிச்சல் நோய் வந்தால் கொட்டகையே காலியாகும். கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் பொதுத்தோட்டம் தை மாசி தாண்டி நிற்பது அரிது. மானியமும் மேற்பார்வையும் நின்ற இடங்களில் மன்றத்தின் வேலையும் நின்றது.

இதற்கிடையில் சமையல் அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. காமராசர் 1956-இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டமாக அதை விரிவாக்கினார். 1989-இல் முட்டையும் சேர்ந்தது. ஒரு மன்றம் எவ்வளவு உழைத்தாலும் எட்ட முடியாத அளவு இது. மன்றங்களுக்கு மிஞ்சியது எடுத்துச் சொல்லும் வேலை. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்களும், 1972-இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரத்தோடு இணைந்த மன்றங்களும் அந்த வேலையை ஏற்றன. 1982 முதல் செப்டம்பர் முதல் வாரம் தேசிய ஊட்டச்சத்து வாரமானது. விளைவித்துக் கொடுத்த கை பேச்சுக்கும் கண்காட்சிக்கும் மாறியதில் ஓர் இழப்பு இருக்கிறது. பாத்தி போட்டுக் கீரை பறித்த பையன் கற்றுக்கொண்டது ஒரு நாள் கூட்டத்தில் கைகூடாது. உற்பத்தியை மறுபடி கையில் எடுத்தவர்கள் பெண்கள்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கிய மாவட்டம் தருமபுரி. அங்கே வேர்விட்ட சுயஉதவிக் குழுக்களிலிருந்து ராகி மாவு, சத்துமாவு, சிறுதானியப் பலகாரம் செய்து விற்கும் குழுக்கள் வந்தன.

அதற்குள் தட்டே மாறிவிட்டிருந்தது. மேட்டுக்காட்டில் மரவள்ளியும், தண்ணீர் கண்ட இடத்தில் கரும்பும் ராகியின் இடத்தைப் பிடித்தன. ரேஷனில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவசமானது. பசி தீர்ந்தது, அது சிறிய காரியமல்ல. ஆனால் களி, வயதானவர்களின் சாப்பாடு என்று ஒதுங்கியது. சர்க்கரை நோய் பெருகியபோதுதான் ராகியின் பேச்சு வீடுகளுக்குத் திரும்பியது. ராகியைத் திரும்பிப் பார்க்கத் தருமபுரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. பல்லில் கறை, எலும்பில் வளைவு என்று தலைமுறைகள் அவதிப்பட்டன. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நல்ல தண்ணீரோடு, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள உணவும் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க உதவும். ராகி, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் மூன்றும் இந்த மண்ணிலேயே கிடைப்பவை.

2018-இல் தொடங்கிய போஷன் அபியான் என்ற ஊட்டச்சத்து இயக்கம், செப்டம்பர் மாதம் முழுவதையும் ஊட்டச்சத்து மாதமாக்கியது. அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுக்கள், மாணவர்கள் ஆகியோரோடு இளைஞர் மன்றங்களையும் அது பணிக்கு அழைத்தது. ராகிப் புட்டு, சாமைப் பொங்கல், கீரை அடை என்று கண்காட்சி மேசைக்கு வந்தவை பாட்டிமார் சமைத்தவையே. ஐ.நா. அறிவித்த பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டான 2023-இல், தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி வழங்கத் தொடங்கியது. அதற்காகக் கொள்முதல் நிலையங்கள் திறந்து, குறைந்தபட்ச ஆதரவு விலையில் உழவர்களிடமிருந்து ராகி வாங்கப்பட்டது. 2022-23 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்திருந்த விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். அடுத்த பருவத்தில் அது 3,846 ரூபாயானது.