தேநீர்க் குடிலிலிருந்து விருந்து மாளிகைக்கு: கைசெகி உணவின் வரலாறு

ஜப்பானின் மரபுவழிப்பட்ட உயர்தர உணவகங்கள் ‘ரியோத்தெய்’ எனப்படுகின்றன. தோட்டத்தை நோக்கிய தனி அறையில், பாய் பரப்பிய தரையில் அமரும் விருந்தினருக்குச் சிறு சிறு உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, மூன்று மணி நேரம் அங்கே பரிமாறும் விருந்துக்குக் ‘கைசெகி’ என்று பெயர். இன்று அது செல்வத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் இலக்கணத்தை வகுத்தவர்கள் பகட்டை விலக்கியவர்களே ஆவர்.

முரோமாச்சி காலத்தில் (1336–1573) சாமுராய்ப் பிரபுக்களிடையே வழங்கியது ‘ஹோன்ஜென்’ எனும் விருந்துமுறை. அரக்குப் பூசிய, குட்டைக் கால்கள் கொண்ட தட்டங்களில் எல்லா உணவுகளையும் அடுக்கி விருந்தினர்முன் வைப்பார்கள். மூன்று, ஐந்து, ஏழு எனத் தட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட விருந்தின் தகுதியும் உயரும். சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் உணவு ஆறிவிடும். அவற்றுள் சில பண்டங்கள் பார்வைக்கென்றே வைக்கப்பட்டவை.

இதற்கு மாறான ஒரு நெறி ஜென் பௌத்த மடங்களில் வளர்ந்துவந்தது. சமையலும் ஒரு தவமே என்று வலியுறுத்தி, மடத்துச் சமையற்பொறுப்பாளர்களுக்காக 1237-இல் நூல் எழுதியவர் டோகென் எனும் துறவி. அந்த நெறியை விருந்தோம்பலுக்குள் கொண்டுவந்தவர், சக்காய் துறைமுகத்து வணிகர் குடும்பத்தில் 1522-இல் பிறந்த தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யூ. ‘கொய்ச்சா’ எனப்படும் கெட்டியான பச்சைத் தேநீரை வெறும் வயிற்றில் அருந்துவது கடினம் என்பதால் அதற்குமுன் அளவான உணவு வழங்கப்பட்டது. சோற்றுடன் ஒரு சூப்பும் இரண்டு அல்லது மூன்று பக்க உணவுகளும் போதும் என்பதே அவர் பெயரோடு வழங்கும் அளவு. சூடானதைச் சூடாகவே கொண்டுவருதல், உண்ணத்தகாத எதையும் வைக்காதிருத்தல், விருந்தளிப்பவர் தம் கையாலேயே பரிமாறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது உணவு காலத்தோடு பிணைந்தது. ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய கணம் ஒன்று உண்டாயிற்று. கைசெகியின் உயிர்நாடி இதுவே. ஆட்சியாளர் டொயோடோமி ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ 1591-இல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. அவர் வகுத்த நெறி அந்த ஆட்சியைக் கடந்தும் நிலைத்தது.

எடோ காலத்தில் (1603–1868) நகரங்கள் பெருகியபோது உணவகம் ஒரு தொழிலாயிற்று. தொடர்கவிதை பாடக் கூடியவர்கள் பின்னர் மது அருந்தி உண்ணும் வழக்கத்திலிருந்து வேறொரு விருந்து உருவானது. எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் அதுவும் ‘கைசெகி’யே. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோற்றின் இடம் தெளிவாகக் காட்டும். தேநீர் விருந்தில் சோறும் சூப்பும் முதலிலேயே வருகின்றன. அரிசி மதுவான சாக்கேயை மையமாகக் கொண்ட விருந்தில் சோறு, மிசோ சூப், ஊறுகாய் மூன்றும் இறுதியில்தான் வருகின்றன. எடோ நகரின் புகழ்பெற்ற உணவகமான யாவோசென், 1822-இல் தன் சமையல் நூலை வெளியிடத் தொடங்கியது. ஹொக்குசாய் போன்ற ஓவியர்களின் படங்கள் அதில் இடம்பெற்றமை, உணவகம் பண்பாட்டு நிறுவனமாக உயர்ந்துவிட்டதற்குச் சான்றாகும்.

சுவையின் இலக்கணத்தைச் செம்மைப்படுத்தியதில் கியோத்தோ நகருக்குப் பெரும் பங்குண்டு. கடலிலிருந்து விலகிய அந்நகருக்கு ஹொக்கைடோவின் ‘கொம்பு’ எனும் கடற்பாசி, ஜப்பான் கடலோரமாக வந்த மரக்கலங்களில் சுருகா, ஒபாமா துறைகளை அடைந்து அங்கிருந்து கொண்டுவரப்பட்டது. அதனுடன், தமிழர் அறிந்த மாசிக் கருவாட்டை ஒத்த ‘கட்சுவோபுஷி’யைச் சீவியிட்டு எடுக்கும் ‘தாஷி’ எனும் சாறே இச்சமையலின் அடித்தளம். நீரைவிட்டு எடுத்த பின்னும் நெடுநேரம் உயிர்வாழும் விலாங்கினமான ‘ஹாமோ’, கோடையில் கியோத்தோவுக்குப் புதிதாகவே வந்துசேர்ந்தது. ஆனால் அதன் உடலெங்கும் நுண்முள்கள். தோல் அறுபடாமல், சுமார் மூன்று சென்டிமீட்டருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் இட்டு அம்முள்களை நறுக்கும் கைத்திறன், குறையிலிருந்து பிறந்த கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கொம்பின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908-இல் கண்டறிந்து அதற்கு ‘உமாமி’ எனப் பெயரிட்ட வேதியியலாளர் இக்கெதா கிக்குனாயேயும் கியோத்தோவில் பிறந்தவரே. அந்நகரின் நான்சென்ஜி கோயிலுக்குச் செல்லும் வழியில் தேநீர்க் கடையாக இருந்த ஹியோத்தெய், 1837-இல் உணவகமாகி இன்றும் நடந்துவருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தேநீர் விருந்து, மது விருந்து எனும் கைசெகியின் இரு வகைகளும் இணைந்தன. உணவுக்கேற்ற கலங்களைத் தாமே வனைந்த கித்தாவோஜி ரோசாஞ்ஜின், 1925-இல் டோக்கியோவில் ஹோஷிகாவோக்கா சார்யோ எனும் உணவகத்தைத் தொடங்கினார். 1930-இல் ஓசாகாவில் கிச்சோ உணவகத்தை நிறுவிய யுகி தெய்இச்சி, தேநீர் விருந்தின் ஒழுங்கையும் பருவ உணர்வையும் உணவகச் சமையலுக்குள் முழுமையாகக் கொண்டுவந்தார். இன்றைய ரியோத்தெய்களில் காணும் முறை பெரிதும் அவருக்குக் கடன்பட்டது.

யுனெஸ்கோவின் மரபுச்சொத்துப் பட்டியலுக்கு ஜப்பான் விண்ணப்பிக்க முனைந்தபோது கைசெகியை மையமாக வைக்கவே முதலில் எண்ணியது; பின்னர் அது மாற்றப்பட்டு, புத்தாண்டு உணவை முன்னிறுத்திய ‘வாஷோக்கு’ எனும் பொது உணவுப் பண்பாடு 2013 டிசம்பரில் பட்டியலில் சேர்ந்தது. சோறு, ஒரு சூப், மூன்று பக்க உணவுகள் எனும் அதே அளவு ஜப்பானிய இல்லங்களிலும் வழங்குவதால், கைசெகியைத் தனியே உயர்த்தாத அந்த முடிவு அதன் வரலாற்றுக்கு முற்றிலும் பொருத்தமானதாகும்.