எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் ஓவியக் கல்வி (பாலக்காடு, இடுக்கி)

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ்வழியில் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஓவிய, வடிவமைப்புக் கல்வி. இதன் போக்கைப் பாடநூல்களைவிட ஆசிரியர் பணியிடமும் சான்றிதழுமே தீர்மானித்து வந்துள்ளன.

இன்று ஒரே மாநிலத்தில் இருக்கும் இந்தப் பகுதிகள் 1947க்கு முன் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. பாலக்காடு நகர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சிக்கும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கும் உரியவை. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் அரசிடம் போனது. கைவினைஞரையும் வரைவாளரையும் உருவாக்குவதே அதன் முதல் நோக்கம். திருவனந்தபுரத்தில் 1888இல் ஒரு கலைப்பள்ளி எழுந்தது. இலண்டன் சவுத் கென்சிங்டன் முறைதான் அக்காலக் கலைக்கல்விக்கு முன்மாதிரி: அச்சுப் படத்தைப் பார்த்துக் கோட்டை அப்படியே வரைவது, பிறகு கூம்பு, உருளை போன்ற திண்மப் பொருள்கள், கடைசியில் நிழல். பிசகாத கை வேண்டும் என்பதே இலக்கு. மாணவன் தானாக எதைப் பார்க்கிறான் என்று அந்த முறை கேட்கவில்லை. சென்னைப் பள்ளிக்கு 1929இல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும், 1957இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே வேறு காற்றை வீசச் செய்தார்கள். ஆனால் ஓவிய ஆசிரியராக விரும்புபவர் எழுதும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்ற பெயர்கள் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டன.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில எல்லை வகுக்கப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற திருவிதாங்கூர்த் தமிழர்களின் போராட்டம் பலிக்காமல் அவை கேரளத்தில் நின்றன. அதன்பின் இங்கே டிராயிங் டீச்சர் ஆக வழி கேரள அரசின் தொழில்நுட்பத் தேர்வு (கே.ஜி.டி.இ.), அல்லது நுண்கலைக் கல்லூரிப் படிப்பு. பணியிடத்தை முடிவு செய்வது மாணவர் எண்ணிக்கையும் வகுப்புப் பிரிவுகளும். பிள்ளைகள் குறைவாக உள்ள தேயிலைத் தோட்டப் பள்ளிக்கும் எல்லையோரக் கிராமப் பள்ளிக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சாதகமாக இருப்பதில்லை. ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் டிராயிங் பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது.

1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலோற்சவம் பென்சில், நீர்வண்ணம், கார்ட்டூன் எனப் போட்டிகள் வைத்து ஓவியத்துக்கு மேடை தந்தது. அதன் பயன் பெரியது. ஆனாலும் அது ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளையைத்தான் அழைத்துப் போகிறது. வகுப்பில் மீதி இருப்பவர்களுக்கு அது பாடமாகாது.

கற்பிக்கக் கருவிகளோ இப்பகுதியில் ஏராளம். பாலக்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சொரணூரை அடுத்த கூனத்தறையில் வாழும் தோல்பாவைக்கூத்து கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடுகிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னே 21 விளக்குகள் எரியும். பாவைத் தோலில் உளியால் குத்திய சிறு துளைகளின் வழியே ஒளி கசிந்து ஆடையும் அணியும் தெரிகின்றன. எதை வெட்டுவது, எதை விடுவது, எவ்வளவு வெட்டினால் தோல் கிழியாமல் நிற்கும் என்று புலவர்கள் எனப்படும் பாவைக்கலைஞர்கள் செய்யும் தேர்வு முழுமையான வடிவமைப்புப் பாடம். இடுக்கியின் மறையூர்க் காட்டில் வரலாற்றுக்கு முந்திய பாறை ஓவியங்கள் உள்ளன. பாலக்காட்டின் கல்பாத்தி அக்ரகார வாசல்களின் புள்ளிக் கோலம் வடிவியலையும் சமச்சீரையும் விரலால் கற்றுத்தருகிறது. இவற்றில் எதையும் எட்டாம் வகுப்பு மாணவர் தாளும் கத்தரிக்கோலும் கொண்டு செய்து பார்க்கலாம்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்கான கலைக் குழு, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100க்கு மேல் பிள்ளைகள் உள்ள பள்ளிகளில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு 2012இல் ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. அவர்கள் பணிநிலைப்பு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளோ கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளன.